ஜனாதிபதி வீட்டுப் பங்காளிகள்

1

வணக்கம். இங்கே பனி கொட்டுகிறது, உடம்பு சுகம், கடையில் முருங்கைக்காய் கிடைப்பதில்லை. வழக்கமாக இந்த மூன்றையும் பத்தி பத்தியாக விரித்துத்தான் என் குறிப்புகளைத் தொடங்குவேன். இந்தத் தடவை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். மனசு சரியில்லை.

நேற்று எங்கள் பேராசிரியரின் புத்தகம் அச்சாகி வந்தது. சென்ற நூற்றாண்டில் இந்த அமெரிக்க நாட்டை ஆண்ட ஒரு ஜனாதிபதியையும் அவருடைய குடும்பத்தையும் பற்றி அவர் எழுதிவரும் வரலாற்றின் மூன்றாவது தொகுதி. ஜனாதிபதியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய கொள்ளுப்பேரன்கள் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த கடிதப் பெட்டிகளை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அந்தப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது, மங்கிப்போன கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது, பேராசிரியர் கண்ணாடியைத் தொலைத்தால் தேடிக்கொடுப்பது எல்லாம் என் வேலை.

புத்தகத்தின் கடைசியில் ஒரு வம்சப் படம் இருக்கிறது. அதை வரைந்தது நான். ஒரு பாட்டனில் தொடங்கி, அவருடைய இரண்டு மகன்களாகப் பிரிந்து, பேரன், கொள்ளுப்பேரன் என்று இரண்டு கிளைகளும் தனித்தனியே இறங்கும். அப்புறம் ஒரு கிளையின் கடைசியில் நிற்கும் ஜனாதிபதியையும் மறு கிளையின் கடைசியில் நிற்கும் பெண்ணையும் ஓர் இரட்டைக் கோடு சேர்க்கும். கல்யாணத்துக்கு முன்பே இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். நம் ஊர்க் கணக்கில் அசல் பங்காளி வீடு. அவர் அண்ணன், அவள் தங்கை.

இதைப் பற்றி நான் இதே பத்திரிகையில் முன்பு எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். 'ஜனாதிபதி தன் குடும்பத்திலேயே தூரத்து உறவுப் பெண் ஒருத்தியை மணந்தார்' என்று எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது 'தன் அத்தை மகளை மணந்தார்' என்று இருந்தது. உதவி ஆசிரியர் யாரோ, பாவம், மானம் காத்திருக்கிறார். என் அண்ணனுக்கு அதைப் படித்து ஒரே சந்தோஷம். 'வெள்ளைக்காரனும் முறை பாத்துத்தான் கட்டுறான் பாத்தியா' என்று எழுதியிருந்தார். நானும் சிரித்துவிட்டுத் திருத்தாமல் விட்டேன்.

போன வாரம் என் ஒரே மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு. சம்பந்தம் என்ற சொல்லை எழுதவே இப்போது கை கூசுகிறது.

2

அண்ணன் என்றேனே, அவர் என் பெரியப்பா மகன் அடைக்கலம். குன்றாண்டார்கோவில் பக்கம் எங்களுக்கு ஒட்டினாற்போல் நிலம், ஒரே கிணறு, ஒரே அய்யனார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறையை நான் உணராதபடி பார்த்துக்கொண்டவர் அவர்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆவண அறையில் எனக்கு உத்தியோகம். ராஜா வீட்டுக் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து, யாருக்கு யார் வாரிசு என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தேன். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்து, எங்களைத் திருச்சி ஜில்லாவில் ஒரு மூலை ஆக்கினார்கள். நாடே ஒன்றானதில் எனக்கு வருத்தமில்லை. வேலைதான் அந்தரத்தில் தொங்கியது. மறு வருஷம் ஓர் உதவித்தொகை கிடைத்து, சரித்திரம் படிக்க இங்கே வந்தேன். ராஜா வீட்டுக் காகிதத்தை அடுக்கியவனுக்கு ஜனாதிபதி வீட்டுக் காகிதத்தை அடுக்கும் வேலை. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டிலும் மாமியார் மருமகள் சண்டை உண்டு.

திருச்சி ஸ்டேஷன் வரை அண்ணன் வந்தார். ரயில் நகரும்போது, "இங்கிட்டு எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். நீ ஒன்னையப் பாத்துக்க" என்றார். இன்றுவரை அவர் அவருடைய பங்கைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார். என் பங்கைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

3

என் மனைவி பெரியநாயகி என் சொந்தத் தாய்மாமன் மகள். அவள் பிறந்த அன்றைக்கே ஊர் பேசி முடித்த விஷயம். இன்றும் அவள் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அதை என் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு பேராசிரியரும் என்னை மச்சான் என்றே கூப்பிடுகிறார். திருத்துவதற்கு முதல் ஐந்து வருஷம் கூச்சம், அப்புறம் பழகிவிட்டது. வெள்ளைக்கார மச்சான் ஒருவர் இருப்பதில் என்ன நஷ்டம்!

இங்கேயே தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தபோது, குடியேற்ற அலுவலகத்தில் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனைவி உண்மையிலேயே மனைவிதானா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதிகாரி நல்ல மனிதர்தான். கல்யாணத்துக்கு முன் ஒருவரையொருவர் எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிறந்ததிலிருந்து. இவள் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள்" என்றேன். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்ற பெருமை எனக்கு.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பெரியநாயகியைப் பார்த்தார், அப்புறம் அவளுக்குப் பக்கத்தில் நின்ற குழந்தையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கசினா?" என்று மெதுவாகக் கேட்டார், யாரோ செத்துப்போனதை விசாரிக்கிற குரலில்.

இந்த மாநிலத்தில் ஃபர்ஸ்ட் கசினைக் கட்டுவது சட்டப்படி குற்றம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் மனு அலமாரி அலமாரியாக அலைந்தது. கடைசியில் பல்கலைக்கழகத்து வக்கீல் ஒருவர், உங்கள் ஊரில் செல்லுபடியான கல்யாணம் இங்கேயும் செல்லும், ஆனால் தயவுசெய்து வெளியே சொல்லிக்கொண்டு திரியாதீர்கள் என்று புத்தி சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பெரியநாயகி, "அந்தாளு ஏன் மச்சான் நம்மளத் திருட்டுப் பயலுகளப் பாக்குற மாதிரி பாத்தான்?" என்று கேட்டாள். சட்டத்தை விளக்கினேன்.  பஸ் நிறுத்தம் வந்ததும், "எங்க அப்பா காதுல இது விழவே கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நாங்கள் ஒரே ஜில்லாக்காரர்கள், அவ்வளவுதான்.

4

மல்லிகா நான்கு வயதில் இங்கே வந்தவள். வீட்டில் அவளுடைய தமிழ் அம்மாவின் தமிழ். வாசலைத் தாண்டினால் அவள் மாலி. பெரியப்பா மகன், சித்தி மகள், அத்தை மகன், மாமன் மகள் எல்லாரும் அவளுக்கு கசின். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து முறை சொல்லிக்கொடுத்தேன். அப்பாவோடு பிறந்த ஆண் என்றால் அவர் பிள்ளைகள் உனக்கு அண்ணன் தம்பி. அப்பாவோடு பிறந்த பெண் என்றால் அவள் பிள்ளைகள் உனக்கு முறை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே தூரம்தானப்பா?" என்றாள். தூரம் இல்லையம்மா, திசை என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நின்றாள். உயிரியல் பாடத்தில் கசின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் எப்படியெல்லாம் பிறக்கும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "அப்பா, நான் நல்லாத்தான இருக்கேன்?" என்று கேட்டாள்.

பெரியநாயகி கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். ஊரில் எந்தக் குழந்தையும் தன் தகப்பனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்காது.

5

அண்ணன் மகன் செல்வராசு என்ஜினீயரிங் மேல்படிப்புக்கு இங்கே எங்கள் பல்கலைக்கழகத்துக்கே வந்தான். தங்குவதற்கு எங்கள் வீடுதான், வேறு எங்கே? அவனை அனுப்பும்போது அண்ணன் எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம். 'ஒனக்கு ஆம்பளப் புள்ள இல்லேன்னு இனி நெனைக்காத. மல்லிகா கல்யாணத்துல மாப்ளத் தோழனா நிக்க எம்மவன் வாரான்.'

விமான நிலையத்தில் மல்லிகாவை முன்னால் தள்ளி, "அண்ணான்னு கூப்பிடும்மா" என்று சொன்னதும் நான்தான். அவளும் வாய் நிறையக் கூப்பிட்டாள். அண்ணா சாப்பிட வாங்க, அண்ணா கார் ஓட்டச் சொல்லித்தாங்க, அண்ணா பனியில பாத்து நடங்க. வீட்டில் ஒரு நடமாட்டம் வந்தது. மூன்று வருஷம் எனக்கு ஆண்பிள்ளை இல்லை என்ற நினைப்பே இல்லை. எங்கள் மூன்று பேரோடும் ஊர்ப்பேச்சுப் பேசியதில் மல்லிகாவின் தமிழ்கூட நேராகிவிட்டது. அவளைத் தமிழில் சிரிக்கவைத்தவன் அவன்தான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்களைப் பார்க்கிறபோது யாருக்குச் சந்தேகம் வரும்?

எப்போது அவள் அண்ணா என்பதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. அவன் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'ஏங்க', 'இந்தாங்க' என்று சமாளிக்கத் தொடங்கியதைத்தான் முதலில் கவனித்தேன். உச்சரிப்பு மாறுகிறது, அமெரிக்கா பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன்.

6

சொன்னது மல்லிகாதான். அவன் மாடிப்படியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

 பெரியநாயகி அவனிடம் போய், "ஏப்பா செல்வராசு, அவதான் இங்க வளந்தவ. ஒனக்குமா தெரியாமப் போச்சு?" என்றாள்.

"தெரியும் சின்னாத்தா" என்றான். அழுதான்.

நான் கத்தினேன். அவன் உன் அண்ணனடி என்றேன். மல்லிகா அழவில்லை. புத்தக அலமாரிக்குப் போய், பேராசிரியர் திருத்தத்துக்குக் கொடுத்திருந்த அச்சுப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். "இது நீங்க போட்ட கோடுதான? இவங்க ரெண்டு பேரும் யாரு? ஊருக்கு எழுதுனப்ப மட்டும் எப்படிப்பா அத்தை மகளாச்சு?" என்றாள். அடுத்ததுதான் என்னைச் சாய்த்தது. "நாங்க செகண்ட் கசின், அப்பாக்கதான் ஃபர்ஸ்ட் கசின். எந்தச் சட்டமும் எங்களத் தடுக்கல. நீங்களும் அம்மாவும் பண்ணுனதுதான் இங்க குற்றம். நான் ஒங்களக் கேவலமா நெனச்சேனா?"

என்ன பதில் சொல்வது? என் ஊரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அங்கே இது கேள்வியே இல்லை. காற்றில் இருக்கிற விஷயத்தை இங்கே நான் வாதாடி நிரூபிக்க வேண்டும். அதுவும் என் மகளிடம், அவளுக்குப் பாதி விளங்குகிற முறைப்பேச்சில், எனக்குப் பாதி தெரிந்த நியாயத்தில்.

பேராசிரியரிடம் போனேன். "அவன் அவளுக்குச் சகோதரன்" என்று ஆங்கிலத்தில் சொன்னதும் பதறிப்போய் எழுந்துவிட்டார். விளக்கினேன். "ஓ, கசினைச் சொல்கிறாயா" என்று மறுபடி உட்கார்ந்தார். "செகண்ட் கசின்தானே! அருமை மச்சான், நம் ஜனாதிபதியைப் போலவே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் இருக்கிற அளவுகோலில் என் துக்கத்துக்கு ஒரு கோடுகூட இல்லை.

7

அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். ஜனாதிபதி வீட்டுக் கடிதப் பெட்டிகளை மறுபடி திறந்து, அந்தக் கல்யாணத்தை எதிர்த்தவர் யாராவது உண்டா என்று தேடினேன். ஒரே ஒருவர், ஒரு கிழட்டு மாமா, ஒரு பாதிரியார், ஒரு வேலைக்காரியாவது 'அடே, அவள் உனக்குத் தங்கையல்லவா' என்று சொல்லியிருந்தால் போதும். அதை மல்லிகாவிடம் காட்டலாம். ஒரு வெள்ளைக்காரன் வாயால் வந்தால் நம்புவாள் என்று ஒரு நப்பாசை.

எதிர்ப்பு இருந்தது. ஜனாதிபதியின் தாயார் மகனுக்கு நீளமாக எழுதியிருக்கிறார், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. முழுவதும் படித்தேன். காரணம், பெண் ரொம்ப உயரமாம்.

அண்ணனுக்கு நான்தான் எழுத வேண்டியிருந்தது. பதில் வர வழக்கத்தைவிட நாளானது. அண்ணன் பேசுகிறபடியே எழுதுகிறவர். 'நீ அங்கிட்டு இருக்கே. நான் இங்கிட்டு நாலு பேருக்கு நடுவுல நடக்கணும். அய்யனாருக்குப் படையல் போடுறப்போ, ஒம் மருமக எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாக. எங்க வீடுதான்னு சொல்லவா? பங்காளிக என்னைய ஒதுக்கி வச்சா கிணத்துக்குப் போகவும் அவுகளக் கேக்கணும். எப்படியாச்சும் நிறுத்திடு தம்பி. பெரிய பெரிய சரித்திரமெல்லாம் எழுதுறவன், ஒன்னால முடியும்.'

என்னால் முடியவில்லை. மல்லிகாவுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. என் கையெழுத்தோ சம்மதமோ அவளுக்குத் தேவையில்லை. சாட்சியாக மட்டும் வரச் சொன்னாள். "நீங்க வரலைன்னாலும் நடக்கும். ஆனா வாங்கப்பா" என்றாள். அந்த 'வாங்கப்பா'வை ஐந்து வயதில் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

போனால் என் அண்ணன் இல்லை, இனி ஊர் இல்லை. போகாவிட்டால் மகள் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எல்லாமே இரண்டு இரண்டாகக் கிடைக்கிறது என்று ஊரில் நினைக்கிறீர்கள்.

பெரியநாயகி ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். "தாலி முடிய நாத்தனா வேணுமே மச்சான். செல்வராசுக்கு இந்த ஊர்ல தங்கச்சின்னு யாரு இருக்கா?" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கயிற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

8

போனேன். கோர்ட் கட்டடத்தில், தபாலாபீஸ் மாதிரி ஒரு ஜன்னல். பேராசிரியர் இன்னொரு சாட்சி. கோட்டில் பூ குத்திக்கொண்டு வந்திருந்தார். ஜன்னலுக்குள் இருந்த பெண்மணி இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொந்தமா என்று கேட்டாள். செல்வராசும் நாங்களும் இங்கே குடும்பப் பெயராகப் பதிந்திருந்தது என் தாத்தாவின் பெயர். செகண்ட் கசின் என்றாள் மல்லிகா. பெண்மணி என்னைப் பார்த்து, "அப்படித்தானா ஐயா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரு தடவை துழாவிப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது வருஷமாக இந்த மொழியில் சோறு தின்கிறேன். இந்த இடத்துக்கு ஒரு சொல்கூட அகப்படவில்லை.

"ஆமாம், கசின்தான்" என்றேன். முத்திரை குத்தினாள். நீதிபதி ஒருவர் வந்து நாலு வரி படித்தார். முடிந்துவிட்டது. பெரியநாயகி புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக நின்றாள். மல்லிகா அவள் காலில் விழுந்தபோது குங்குமம் வைத்துவிட்டாள். இருவருக்கும் வைத்தாள். மனசார வாழ்த்தினேனா என்று கேட்டால், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் பொய்யில்லை. என் மகள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அண்ணனின் முகமும் கூடவே வந்து நின்றது.

வெளியே வந்தோம். படிக்கட்டில் பனி உறைந்து கண்ணாடியாக இருந்தது. காரைக் கொண்டுவருகிறேன் என்று செல்வராசு இரண்டிரண்டு படியாக இறங்கினான். பாதியில் கால் வழுக்கியது. கைப்பிடியை எட்டிப் பிடித்தான்.

"அண்ணா, பாத்து!" என்று மல்லிகா அலறினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியநாயகி என் கையைப் பிடித்தாள். வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "என்ன சொன்னாள், மச்சான்?"

"கவனமாகப் போகச் சொன்னாள்" என்றேன்.